சிவப்பு வரிகளும் நீலாவதியும்

நீலாவதிக்குச் சிவப்பு என்றாலே ஆகாது. சேலையில், பொட்டில், கோவில் கொடியில் இருக்கும் சிவப்பைச் சொல்லவில்லை. அதெல்லாம் அவளுக்குப் பிடித்தமானதுதான். ரப்பர் பால் மரத்துப் பட்டையில் பெயிண்டால் கோடு இழுத்து வைப்பார்களே, அந்தச் சிவப்பு.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். பால் வெட்டும்போது கத்தி சற்றே ஆழமாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே வெட்ட முடியாது. அதனால் காட்டை மேற்பார்வை பார்க்கும் கண்டக்டர் அவ்வப்போது ஒரு பெயிண்ட் டப்பாவையும் குச்சியையும் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக வருவார். காயம் கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு. நல்ல பட்டையை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அதற்கென்று ஒரு நிறமும் கிடையாது. சிவப்பு கூடிப்போனால் வெட்டுகிறவர் கையிலிருக்கும் நல்ல மர நிரையைப் பிடுங்கிக்கொண்டு, மேட்டில் கிடக்கும் கிழட்டு மரங்களைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

கோலா கிளாவாங் டவுனிலிருந்து உள்ளே போகிற மலைச் சாலையில் சுங்கை கெரிஸ் தோட்டம். எழுபதுகளில் அங்கே பால் வெட்டிய பஞ்சாலைதான் நீலாவதியின் அம்மா. பஞ்சாலை நல்ல வெட்டுக்காரி. ஆனால் புருஷன் போன பிறகு, காய்ச்சலடித்தாலும் இடுப்பு பிடித்துக்கொண்டாலும் அவள்தான் வெட்டப் போக வேண்டும். அந்த மாதிரி நாட்களில் கை நடுங்குமா, நடுங்காதா? நடுங்கியது. காயமும் பட்டது.

பள்ளி விடுமுறையில் நீலாவதி அம்மாவோடு ரப்பர்க் காட்டுக்குப் போவாள். பால் வடிகிற மங்குகளைத் துடைப்பது அவள் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. அதை வெளியே சொல்லக்கூடாது. கண்டக்டர் வரப்போகிறார் என்று சேதி கசிந்ததும், வாய்க்காலிலிருந்து ஈரமண்ணை எடுத்து வந்து, காயம் பட்ட இடங்களில் மெல்லியதாகப் பூசிவிட வேண்டும். பெரியவர்கள் பூசினால் அப்பியது போலத் தெரியும். நீலாவதியின் சின்ன விரல்கள் பூசினால் மண் காய்ந்து பட்டையோடு பட்டையாகிவிடும். சில தடவை தப்பித்தார்கள். சில தடவை கண்டக்டர் குச்சியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நிரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே நீலாவதி கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: சிவப்பு விழுந்தால் நம் கைதான் குற்றவாளி. ஆள் வருவதற்குள் மூடிவிட வேண்டும்.

இந்தப் பாடம் எவ்வளவு தப்பானது என்பது தெரிய அவளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

படிப்பு அவளுக்கு நன்றாக வந்தது. கோலா கிளாவாங் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்தாள். டவுனுக்குப் போய் வேலை தேடியிருக்கலாம், தேடவில்லை. அம்மாவைத் தனியே விட மனமில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் திரும்பிப் போனது. பால் கொட்டகையில் நிறை போடும் வேலை கிடைத்தது. ரப்பர் பூட்ஸும் அமோனியா வாடையுமாக அங்கே பல வருஷம் நின்றாள். தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதுதான் அவள் தலையெழுத்தில் ஒரு திருப்பம்.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் அதைப் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அமிர்தலிங்கத்தின் மேசையில்தான் வைத்தார்கள். அமிர்தலிங்கம் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பயத்தை அதட்டலுக்குள் ஒளித்துவைக்கும் ரகம். "எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருசந்தான் கெடக்கு, என்னால இதக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியாதுலா" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, பெட்டியின் மேல் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் தன் வெற்றிலைப் பெட்டியை வைத்துக்கொண்டார். கொட்டகையிலிருந்து கணக்குக் கொடுக்க வரும் நீலாவதிதான் அந்தத் துண்டை முதலில் விலக்கினாள். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துச் சிரம்பான் போய், ரஹாங்கில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்து பழகினாள். பிறகு மேனேஜர் விசுவநாதன் அவளைத் தற்காலிகமாக ஆபீசில் உட்காரவைத்தார்.

தற்காலிகம். அந்த வார்த்தைதான் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. தலைமை அலுவலகம் சரி என்று சொன்னால் அவள் நிரந்தரக் கிராணி. சுங்கை கெரிஸ் தொழிலாளர் லயத்திலிருந்து ஆபீஸ் நாற்காலிக்குப் போன முதல் பொண்ணு. சரியில்லை என்று சொல்லிவிட்டால் வெளிக்காட்டு வேலைதான், ஏனென்றால் பால் கொட்டகையில் அவள் இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டது. முப்பத்தைந்து வயதில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஆபீஸ் சன்னலிலிருந்து பெரட்டுக்களம் நன்றாகத் தெரியும். அது அவளுக்குத் தினமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான், தொண்ணூற்றொன்பதாம் வருஷம், தலைமை அலுவலகம் ஒரு சீடியை அனுப்பிவைத்தது.

அந்த வருஷம் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பயம். இரண்டாயிரம் பிறந்தால் எல்லாம் நின்றுவிடும் என்றார்கள். இன்டர்நெட் வழியாக வைரஸ் வருகிறது, நமக்குத் தெரியாமலே உளவு பார்க்கும் புரோகிராம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றார்கள். சுங்கை கெரிஸ் ஆபீசிலும் அப்போது டெலிபோன் வயர் வழியாக இன்டர்நெட் வந்திருந்தது. தினமும் எவ்வளவு பால் இறங்கியது என்ற விவரத்தைத் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஓர் இன்டர்நெட் பக்கத்தைத் திறந்து, அதில் ஏற்றி அனுப்ப வேண்டும். சீடியோடு வந்த உத்தரவும் சின்னதுதான்: இதைப் போட்டுக் கம்ப்யூட்டரைச் சோதித்து வையுங்கள், வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவ்வளவுதான். சோதித்தால் என்ன வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நீலாவதி சீடியைப் போட்டாள். பெட்டி உறுமியது, முனகியது. அமிர்தலிங்கம் இரண்டு தடவை வெற்றிலை போட்டு முடிக்கிற வரைக்கும் ஓடியது. பிறகு திரை நிறைய வரிகள் வந்து நின்றன.

சிவப்பு. மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 'எச்சரிக்கை' என்று ஆங்கிலத்தில். வெளிப் பக்கங்கள் இந்தக் கம்ப்யூட்டரில் தங்கள் புரோகிராமை ஓட்ட முடியும். அபாயம். வெளியிலிருந்து வரும் கோப்புகளை இறக்கத் தடை இல்லை. அபாயம். பாஸ்வேர்டு சேமிக்கப்படுகிறது. அபாயம். பாதுகாப்பு அளவு: குறைவு, குறைவு, குறைவு. நீலாவதி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிற கை ஒன்றே ஒன்று, அது அவளுடையது. இத்தனை காயமும் அந்தக் கையால்தானே வந்திருக்க வேண்டும்?

பின்னால் வந்து எட்டிப் பார்த்த அமிர்தலிங்கம் ஓரடி பின்வாங்கினார்.

"என்னம்மா நீலா இது, அம்மை போட்ட புள்ள மாதிரி ஒடம்பு பூரா செவப்பா கெடக்கு?"

"தெரியலைங்க கிராணியய்யா. செக் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன். இப்படி வந்திருச்சு."

"மொதல்ல அந்த டெலிபோன் வயரப் புடுங்கு. நான் சொல்றேன்ல, புடுங்குலா! வேர்நோய் கண்ட மரத்தச் சுத்திப் பள்ளம் வெட்டி வைப்போமா இல்லையா? இல்லாட்டி பக்கத்து மரத்துக்கும் பாயும்."

அவள் வயரைப் பிடுங்கினாள். அமிர்தலிங்கம் அதோடு விடவில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அறையின் மறு மூலையில் வைத்தார். கால்குலேட்டரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். தன் வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். டைப்ரைட்டருக்கு எப்படி நோய் பாயும் என்று கேட்கிற தெம்பு அன்றைக்கு நீலாவதிக்கு இல்லை. அவருடைய பயம் அவளுக்குத் தொற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

"மேனேஜர்கிட்டச் சொல்லிடலாங்களா?" என்று கேட்டாள்.

"வாயத் தொறக்காத. ஒன் வேல இன்னும் கன்ஃபர்ம் ஆகல. ஆபீசர் வர்ற நேரம் பாத்து மெஷினக் கெடுத்துட்டான்னு எழுதிட்டாங்கன்னா, நேரா வெளிக்காடுதான். அப்பறம் நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது பாத்துக்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை சரியாக முள் நின்ற இடத்தில் போய் இறங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சாலை இப்போது பால் வெட்டுவதில்லை. ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடுகிற காலம் அது, அவள் கன்று வளர்க்கும் நர்சரியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வேலை மாறினாலும் எதையும் கவனிக்கிற கண் மாறவில்லை.

"ஏன்டி, சோறு வெந்திருக்கான்னு பாக்குறியா, திங்கிறியா?"

"பசிக்கலம்மா."

"ஆபீசுல என்ன?"

"ஒண்ணுமில்ல. பெட்டி மக்கர் பண்ணுது. வெள்ளிக்கிழமை பாக்க ஆள் வர்றாங்க. சரியில்லைன்னா என்னைய வெளிய எடுத்துருவாங்கன்னு கிராணியய்யா சொல்றாரு."

பஞ்சாலை அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சோற்றில் இன்னும் கொஞ்சம் ரசத்தை ஊற்றிப் பிசைந்து மகள் பக்கம் தள்ளிவைத்தாள். அம்மா எதுவும் சொல்லாதது நீலாவதிக்கு ஒரு வகையில் வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு வார்த்தை தைரியம் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள்.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். சிவப்பு வரிகளை மறுபடி வரவழைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒரு வரியைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் 'குறைவு' என்று இருப்பதை 'உயர்வு' என்று மாற்றலாம் போலிருந்தது. பயந்து பயந்து ஒன்றை மாற்றினாள். அந்த வரியின் சிவப்பு போய்ப் பச்சையானது.

நீலாவதி சிரித்தேவிட்டாள். இது தெரிந்த வேலைதானே! வரிசையாக எல்லாவற்றையும் மாற்றினாள். அனுமதி என்று இருந்த இடத்திலெல்லாம் தடை போட்டாள். எதற்கு அனுமதி, எதற்குத் தடை என்றெல்லாம் படிக்கவில்லை. படிக்க நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. கடைசி வரியும் பச்சையானபோது முதுகு நிமிர்ந்தது. வாய்க்கால் மண்ணில் விரலை நனைக்காமலே பூசி முடித்துவிட்டாள்.

சந்தோஷம் பால் இறக்கும் நேரம் வரைக்கும்தான். டெலிபோன் வயரை மாட்டி, பால் விவரத்தை அனுப்ப அந்தப் பக்கத்தைத் திறந்தால், வெறும் வெள்ளையாக நின்றது. எண்ணைத் தட்டுகிற கட்டங்களே வரவில்லை. மூடித் திறந்தாள், வெள்ளை. பெட்டியை அணைத்துப் போட்டாள், வெள்ளை. அனுப்பு என்கிற பொத்தான் கூடக் காணோம். முதல் நாள் வரை சிவப்பாக இருந்தாலும் வேலை செய்துகொண்டிருந்தது. இப்போது பச்சைப் பசேலென்று இருக்கிறது, வேலை செய்யவில்லை. திரும்ப மாற்றலாம் என்றால் எதை எதை மாற்றினோம் என்பது நினைவில்லை; மாற்றினால் சிவப்பு திரும்பிவிடுமே என்ற பயம் வேறு. தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணி, "இங்க மழ, லைன் மோசமா இருக்கு" என்று பொய் சொல்லி, விவரத்தை வாயால் ஒப்பித்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பொய் மழை நிற்கவேயில்லை.

ஆபீசர் என்றதும் நீலாவதி மனதில் தொப்பையும் கண்ணாடியுமாக ஒருவரை உட்காரவைத்திருந்தாள். காரிலிருந்து இறங்கியதோ பாஜு கூரோங் அங்கியும் தலைத்துணியுமாக ஒரு பெண்; நீலாவதியைவிடப் பத்து வயதாவது சின்னவள். பெயர் ஜாஹிதா, ரஹாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகளாம், தமிழ் பேசினாள். மேனேஜர் காட்டுக்குப் போயிருந்தார். அமிர்தலிங்கம் "வாங்க மிஸ்" என்று வரவேற்றுவிட்டு, அவசர ஜோலி இருப்பதுபோல் ஸ்டோர் பக்கம் நழுவினார். நீலாவதி தனியாக மாட்டிக்கொண்டாள்.

ஜாஹிதா உட்கார்ந்து சோதனையை மறுபடி ஓட்டினாள். பச்சை வரிகள் வந்தன. அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. பால் விவரப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளை.

"அக்கா," என்றாள் மெதுவாக, "எல்லாத்தையும் மூடிட்டீங்களா?"

மண்ணைச் சுரண்டிப் பார்த்தாகிவிட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"ஆமாங்க மிஸ். நாந்தான் மூடினேன். செவப்பு செவப்பா வந்துச்சு. நாந்தான் என்னமோ பண்ணி மெஷினக் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். நீங்க வர்றதுக்குள்ள சரிபண்ணிடலாம்னு... இப்ப பால் விவரம் போகல. மழன்னு சொன்னது பொய் மிஸ். மழயே இல்ல." மேசையிலிருந்த பேனாவை ஜாஹிதா பக்கம் தள்ளினாள். "என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

ஜாஹிதா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"மொத தடவ செக் பண்ணப்போ மேல கறுப்புல ஒரு வரி வந்துச்சே, படிச்சீங்களா?"

"கறுப்புலயா? இல்லைங்களே."

ஜாஹிதா திரையைக் காட்டினாள். எல்லா வரிக்கும் மேலே, சாதாரணக் கறுப்பு எழுத்தில், ஒரே ஒரு வரி இருந்தது: உளவுப் புரோகிராம் எதுவும் காணப்படவில்லை. நீலாவதி அதைப் படித்தாள். திரும்பப் படித்தாள். இவ்வளவு நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவள் கண்தான் அதன் மேல் ஒரு தடவையும் நிற்கவில்லை. நல்ல பட்டையை யார் பார்க்கிறார்கள்?

"நோய் இருக்கா இல்லையான்னு சொல்ற வரி இது ஒண்ணுதான் அக்கா. இல்லைன்னு சொல்லிருச்சு. கீழ வந்ததெல்லாம் நோயில்ல. எந்தக் கதவு தொறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு அது பாத்துச் சொல்லுது, அவ்வளவுதான். யாரு தொறந்தா, எதுக்குத் தொறந்தான்னு அதுக்குத் தெரியாது. தொறந்திருந்தா செவப்பு போட்டுடும்."

"அப்ப தொறந்தது நானில்லையா?"

"நீங்க எங்க தொறந்தீங்க? மெஷின் வர்றதுக்கு முன்னாடியே நாங்கதான் ஹெட் ஆபீசுல தொறந்து அனுப்பினோம். பால் விவரம் போடுற பக்கம் வேல செய்யணும்னா, அந்தப் பக்கம் ஒங்க மெஷின்ல ஒரு சின்ன புரோகிராம ஓட்டணும். அதுக்கு ஒரு கதவு வேணும்ல." ஜாஹிதா ஆபீஸ் வாசலைக் காட்டினாள். "எங்க வாப்பா கடைக்கு முன்கதவு காலையில இருந்து தொறந்துதான் கெடக்கும். திருட்டு பயம்னு அத மூடினா ரொட்டி சாப்பிட யாரு வருவா? பின்கதவு தொறந்து கெடந்தா மட்டுந்தான் வாப்பா கத்துவாரு."

பிறகு இருவரும் சேர்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். ஜாஹிதா சொல்லிக்கொடுத்த முறை சுலபமாகத்தான் இருந்தது: இந்தக் கதவு வழியாக யார் வருகிறார்கள், நமக்கு அவர் வேண்டுமா? பால் விவரப் பக்கத்துக்கு வேண்டியதை, அந்தப் பக்கத்துக்கு மட்டும் என்று குறிப்பிட்டுத் திறந்தார்கள். ஊரார் எல்லாருக்கும் திறக்கவில்லை. பாஸ்வேர்டைச் சேமிப்பதை நீலாவதி மூடியது நல்லதுதான், அப்படியே இருக்கட்டும் என்றாள் ஜாஹிதா. ஓர் இடத்தில் மட்டும் அவள் நின்று முகம் சுளித்தாள். ஆபீசுக் கோப்புகளை வெளியிலிருந்து யாரும் எடுக்கலாம் என்று ஒரு கதவு முன்பு திறந்து கிடந்திருக்கிறது.

"இது பின்கதவுதான் அக்கா. எங்க ஆள் யாரோ மெஷின செட் பண்ணப்போ மறந்துட்டாங்க. நீங்க மூடினது ரொம்ப நல்லதாப் போச்சு."

பால் விவரப் பக்கம் திறந்தது. கட்டங்கள் வந்தன. அந்தச் சாம்பல் நிறக் கட்டங்களைப் பார்த்து நீலாவதிக்கு ஏற்பட்ட சந்தோஷம் வேறு எதைப் பார்த்தும் ஏற்பட்டிருக்காது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே கூடவே கோபமும் வந்தது.

"இத ஒரு வரி எழுதி சீடியோட வச்சிருந்தா என்ன மிஸ்? சோறு தண்ணி இல்லாம கெடந்தேன்."

ஜாஹிதாவின் முகம் சுண்டிப்போனது. கதவு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"வைக்கணும்னுதான் சொன்னாங்க. விளக்கத்தாள் நாந்தான் தயார் பண்ணேன் அக்கா. கவர்ல போட மறந்துட்டேன். எல்லாத் தோட்டத்துக்கும் அப்படியே போயிருச்சு. இந்த வாரம் பூரா எனக்கு இதே வேலதான். செண்டாயான் பக்கம் ஒரு தோட்டத்துல கம்ப்யூட்டர பிளாஸ்டிக் தாள்ல சுத்தி வெளிய கொண்டுபோய் வச்சிட்டாங்க. இன்னொரு எடத்துல கிராணி லீவு போட்டுட்டே போயிட்டாரு." அவள் உதட்டைக் கடித்தாள். "எந்த மேனேஜராவது ஹெட் ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டா என் வேல போயிரும். நான் வந்து மூணு மாசங்கூட ஆகல. நானும் இன்னும் கன்ஃபர்ம் ஆகல."

நீலாவதி அவளைப் பார்த்தாள். தன்னை வெளிக்காட்டுக்கு அனுப்ப வந்தவள் என்று நினைத்து நடுங்கியது இந்தப் பெண்ணைப் பார்த்தா? வாயில் வந்திருந்த மிச்சக் கோபத்தை விழுங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் விசுவநாதனின் ஜீப் வந்து நின்றது. செம்மண் பூட்ஸைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன மிஸ், எல்லாம் ஓகேயா? ஏதோ ரெண்டு மூணு நாளா பால் விவரம் போன்ல வருதுன்னு ஹெட் ஆபீசுல சொன்னாங்க. ஏன், என்ன ப்ராப்ளம்?"

ஜாஹிதாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"நாந்தான் சார்," என்றாள் நீலாவதி. "தேவையில்லாத கதவையெல்லாம் மூடுறேன்னு தேவையானதையும் மூடிட்டேன். மிஸ் வந்து சரிபண்ணிட்டாங்க. இப்ப போகுது."

இந்த வார்த்தைகளைச் சொல்லாமலிருக்கத்தான் அவள் இத்தனை நாளும் செத்துப் பிழைத்தாள். மேனேஜர் "ஓ, அப்படியா" என்றார். பிறகு பால் ஏற்றும் லாரி வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றாள். அவ்வளவுதான். இடி விழவில்லை, கூரை பறக்கவில்லை.

அந்தத் துணிச்சலில் அவள் கேட்டேவிட்டாள்: "சார், என்னோட கன்ஃபர்மேஷன்... இதனால ஏதாவது?"

"கன்ஃபர்மேஷனா? அது போன மாசமே ஆயிருச்சே. கிராணிகிட்டச் சொல்லச் சொன்னேனா, நானே சொல்லணும்னு இருந்தேனா..." மேனேஜர் தலையைச் சொறிந்தார். "சொல்லலையா யாரும்? சாரிமா." தொப்பியை எடுத்துக்கொண்டு மறுபடி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நீலாவதிக்கு அவர் பின்னாலேயே ஓடி ஒரு மூச்சுத் திட்டிவிட்டு வர வேண்டும் போலிருந்தது. ஒரு மாதம்! ஆனால் சிரிப்புதான் வந்தது. ஜாஹிதாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டு ஆபத்து தீர்ந்தது என்று தெரிந்துகொண்ட அமிர்தலிங்கம் ஸ்டோரிலிருந்து வெளிப்பட்டு, டைப்ரைட்டரைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தார். "நான் அப்பவே நெனச்சேன், ஒண்ணும் இருக்காதுன்னு" என்றார். இரண்டு பெண்களும் மறுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் நீலாவதி லயத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பஞ்சாலை குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்: கறுப்பு வரி, கதவு, ரஹாங்குப் பெண், மேனேஜர், போன மாசமே ஆகிவிட்டது. பஞ்சாலைக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. கடைசி ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது.

"அப்ப நீ ஆபீசுலதான் இருப்ப?"

"ஆமாம்மா."

"நெசமாத்தான?"

"நெசமாத்தாம்மா."

பஞ்சாலை மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நல்ல வேள. நாளைக்குப் பெரட்டுல மொத வேலையா, நர்சரி ஆளுங்கள மேய்க்கிற வீரமுத்து மண்டோர்கிட்ட வேணாம்னு சொல்லிடணும்."

"எத வேணாம்னு?"

"நர்சரியில என் பக்கத்துல ஒனக்கு ஒரு எடம் கேட்டு வச்சிருந்தேன். அன்னிக்கு நீ சோறு திங்காம எந்திரிச்சல்ல, மறுநாளே போய்க் கேட்டேன். அந்த ஓரத்துல மரத்து நெழலு விழும் பாரு, அந்த எடம். நீ இத்தன நாளு ஃபேன் காத்துல ஒக்காந்தவ, வெயிலு தாங்கமாட்டியேன்னு."

நீலாவதி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. "போதும்டி, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க," என்று சொன்ன பஞ்சாலையும் நகரவில்லை.